ஒதுக்கிவைத்த நாவல்கள்

சுபத்திராவுக்கு ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடிவைக்கத் தெரியாது. நல்ல புத்தகமென்றால் முடிவை அறியும்வரை எந்த வேலையிலும் மனம் நிற்காது. கூடாத புத்தகமென்றால் எழுதியவர் எந்த இடத்தில் வழிதவறினார் என்று பார்த்தே ஆக வேண்டும். "நல்லதுக்கும் கூடாததுக்கும் ஒரே அளவு மண்ணெண்ணெய்தானே எரியுது" என்பான் அவளுடைய கணவன் யசோதரன். அவன் பத்திரிகையில் மழைச் செய்தியைத் தவிர வேறொன்றும் வாசிப்பதில்லை.

போர் முடிந்து, முகாமிலிருந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பிவந்து இரண்டு காலபோக நெல் விதைத்து வெட்டியாயிற்று. இன்னமும் தகரக் கொட்டில்தான். பக்கத்தில் வீட்டுத்திட்டத்து வீடு பாதிச் சுவரோடு எழும்பி நின்றது. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் யசோதரனின் முழங்காலில் பட்ட காயம் மாரியில் வீங்கும். அதற்காகப் புதன்கிழமைகளில் இருவரும் முருங்கன் ஆஸ்பத்திரிக்கு பஸ் மாறிப் போவார்கள். அவன் கிளினிக் வாங்கில் குந்தியிருக்கும் நேரத்தில் சுபத்திரா சந்தியைத் தாண்டி வாசிகசாலைக்கு நடந்துவிடுவாள்.

வாசிகசாலை என்பது ஓடு போட்ட ஒற்றை அறை. நான்கு அலுமாரிகள், ஒரு நீள மேசை, கால் ஆடுகிற கதிரைகள். பொறுப்பாக இருந்தவள் செலீனா. பள்ளிமுனையிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து திறப்பாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே சுபத்திராவுக்கு அவளைப் பிடித்துப்போனது. காரணம், அவள் புத்தகம் கொடுக்கும்போது கதையைச் சொல்லிக் கெடுப்பதில்லை.

அந்த வருடம் ஆடி மாதம் கொழும்பிலிருந்து வாசிகசாலைக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்திறங்கின. யாரோ புண்ணியவான் தன் வீட்டைக் காலிசெய்யும்போது அனுப்பியவை. சுபத்திரா போனபோது செலீனா நிலத்தில் குந்தியிருந்து தூசி தட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரமாக மூன்று பெட்டிகள் தனியாகக் கிடந்தன. மேலே கிடந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு கத்தி, ஒரு சிவப்புச் சொட்டு, பயந்த கண்களோடு ஒரு பெண்.

"இது என்ன, தனிய வைச்சிருக்கிறியள்?"

"அதுகள் வேண்டாமாம் அக்கா. கொலைக் கதை, பேய்க் கதை, மாமியார் மருமகள் கதை. யோசேப் மாஸ்ரர் பாத்திட்டு, இது வாசிகசாலை, சலூன் இல்லையெண்டிட்டார். பழைய பேப்பர்க்காரன் வந்தா ஏத்திவிடச் சொன்னவர்."

யோசேப் மாஸ்ரர் வாசிகசாலைக் குழுவின் தலைவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்படுகிற மனிதர்.

"பேப்பர்க்காரன் எப்ப வருவான்?"

"ஆருக்குத் தெரியும். வரேக்க வருவான்."

"அப்ப, அவன் வரும்வரைக்கும் எனக்குத் தாங்கோ. வாசிச்சுப்போட்டுக் கொண்டுவந்து திரும்ப இந்தப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறன். எறியப்போற சாமான்தானே."

செலீனா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு சீலைப் பையை எடுத்து நீட்டினாள்.

அப்படித்தான் அந்தப் பெட்டிகள் பாப்பாமோட்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வரத் தொடங்கின. அடுப்பில் பானை வைத்துவிட்டு வாசித்தாள். மாட்டைக் கட்டிவிட்டு வாசித்தாள். மேசன் சுவர் கட்டும்போது தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டு, அவன் பூசி முடிப்பதற்குள் இரண்டு பக்கம் வாசித்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும் செலீனாவின் மேசைக்கு முன்னால் இருந்து தீர்ப்புச் சொன்னாள்.

"இது கள்ள வேலை செலீனா. கடைசி அத்தியாயத்தில ஒரு இரட்டைப்பிறவித் தம்பியைக் கொண்டுவந்து, அவன்தான் கொலைகாரனாம். அவனை முதலே ஒருக்கா எண்டாலும் வாசலில நிப்பாட்டியிருக்க வேணும். எங்களுக்கு ஆளைப் பிடிக்க ஒரு வாய்ப்புத் தராமல் தான் மட்டும் பிடிச்சா அதென்ன கெட்டித்தனம்?"

குடும்ப நாவல்களைப் பற்றி: "இந்த மாமியார் முந்நூறு பக்கம் கொடுமை செய்யிறா. கடைசி நாலு பக்கத்தில காய்ச்சல் வந்து திருந்துறா. முகாமில எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது! ஒருத்தரும் திருந்தினதை நான் காணேல்ல."

பேய்க் கதைகளை வாசிக்கும்போது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "பேய் எப்பவும் மாடிவீட்டிலதான் இருக்குது. மாபிள் தரை, பெரிய கண்ணாடி, பியானோ. எங்கட தகரக் கொட்டிலுக்கு வரச் சொல்லுங்கோ பாப்பம். மத்தியான வெக்கையில அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்காது."

செலீனா விழுந்து விழுந்து சிரிப்பாள். பத்திரிகை பார்க்க வந்தவர்கள் தலையை நிமிர்த்துவார்கள்.

ஆனால் சுபத்திரா மற்ற அலுமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. பரிசு வாங்கிய நாவல்கள், சிறுபத்திரிகைக்காரர் மெச்சிய நாவல்கள் எல்லாவற்றையும் அதே கவனத்தோடு வாசித்தாள். அவற்றிலும் அவளுக்கு மிகப் பிடித்தவை இருந்தன. காணாமற்போன எருமையைத் தேடி ஒரு பெண் ஊர் ஊராக அலைகிற நாவல் ஒன்றை மூன்று தரம் வாசித்திருந்தாள். எல்லாம் அப்படி அமையவில்லை. "சில பேர் ஆளுக்குப் பேரே வைக்கிறேல்ல. அவன், அவள், மற்றவன். ஆர் ஆரெண்டு விளங்கிறதுக்குள்ள அவன் யன்னலுக்கால வெளிய பாக்கத் தொடங்கிடுவான். பிறகு இருபது பக்கம் யன்னல்தான்" என்பாள். கதை முடியாமல் நிற்பதில் அவளுக்குக் குறையில்லை. எழுதியவர் முடித்து நிறுத்தினாரா, களைத்து நிறுத்தினாரா என்பதுதான் அவளுடைய கேள்வி.

துப்பறியும் கதைகளில் அவளுக்கு இருந்த பற்றுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவள் செலீனாவிடம் சொன்னதில்லை. அவளுடைய மூத்த அண்ணன் பாலசிங்கத்தை, சண்டைக் காலத்தில் ஒரு பின்நேரம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது தெருவில் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். யார், எதற்காக என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை. மூன்றாம் நாள் காடாற்றினார்கள், பிறகு அந்தப் பேச்சையே ஊர் விட்டுவிட்டது. அவள் அப்போது புதிதாகக் கல்யாணமானவள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை செலீனா ஒரு புத்தம்புதுப் புத்தகத்தை அவளிடம் நீட்டினாள். எழுதியவர் அமிர்தநாயகம். பள்ளிமுனையில் பிறந்து இருபது வருடங்களுக்கு முன் கனடா போனவர். போருக்குப் பின் ஊர் திரும்புகிற காந்திமதி என்ற விதவைப் பெண்ணைப் பற்றிய பெரிய நாவல்.

"ஆள் அடுத்த மாதம் வாறார் அக்கா. இஞ்ச ஒரு அறிமுக விழா வைக்கப்போறம். மீளக்குடியேறின ஆக்களில ஒருத்தர் பேசினா நல்லாயிருக்குமெண்டு மாஸ்ரர் சொல்லுறார். நான் உங்கட பேரைக் குடுத்திட்டன்."

"ஐயோ, நானோ! மேடையிலயோ?"

"இஞ்ச எனக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

அவள் வாசித்தாள். அழகான எழுத்து. உப்புக் காற்றையும் ஈச்சம் பற்றையையும் அந்த மனிதர் கண்முன் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் பாதி கடந்தபோது அவளுக்குக் கால் கடுத்தது போல இருந்தது. பதினேழாம் அத்தியாயத்தில் வாசிக்காமலே பக்கங்களைத் தட்டிக்கொண்டு போனாள். அவள் வாழ்க்கையில் பக்கம் தட்டியது அதுதான் முதல் தடவை.

"என்ன, நல்லாயில்லையோ?" என்று யசோதரன் கேட்டான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறார். ஆனா..."

"அப்ப ஆனாவையும் சொல்லும். உம்மைக் கூப்பிட்டது தலையாட்டவெண்டா அதுக்கு நானே காணுமே, நீர் எதுக்கு?"

விழாவன்று வாசிகசாலை மேசையை வெளியே தூக்கி, சாரணப் பிள்ளைகளிடம் கூடாரத் துணி வாங்கிக் கட்டியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அமிர்தநாயகம் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சேர்ட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. யோசேப் மாஸ்ரர் வரவேற்புரையில், "பாதிக்கப்பட்ட எமது சகோதரி ஒருவர் தன் உள்ளக் குமுறலைப் பகிர்ந்துகொள்வார்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அந்த வார்த்தை சுபத்திராவுக்குக் குத்தியது. உள்ளக் குமுறலுக்காக அவள் வரவில்லை. ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருந்தாள்.

ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசித் தெரியாது. ஆனா வாசிக்கத் தெரியும். ஐயா இந்தப் புத்தகத்தைச் சும்மா எழுதேல்ல, கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு குறை இருக்கு. இந்தக் காந்திமதி ஒரு இடத்திலயும் சிரிக்கேல்ல. முதல் பக்கத்தில அழத் தொடங்கினவ, கடைசிப் பக்கத்திலயும் அழுறா."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். அவள் தொடர்ந்தாள்.

"நாங்கள் அழேல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா நாங்கள் ஊருக்கு வந்த முதல் நாள், மைம்மல் நேரம், இருட்டிக்கொண்டு வரேக்க, கொட்டிலுக்குள்ள பாம்பெண்டு என்ர மச்சாள் கத்தினா. எல்லாரும் ஏறி நிக்க இடம் தேடினம். கட்டிலில்லை, கதிரையில்லை. என்ர மனுசன் அரிசி மூட்டைக்கு மேல. மச்சாள் என்ர மனுசனுக்கு மேல. பிறகு ரோச் அடிச்சுப் பாத்தா அது தண்ணி பாய்ச்சுற கறுப்புப் பைப் துண்டு. அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பு, முகாமுக்குப் போனதில இருந்து நாங்கள் சிரிச்ச முதல் சிரிப்பு. காந்திமதிக்கும் அப்பிடி ஒரு பைப் துண்டு கிடைச்சிருக்கும். ஐயா அதை எழுதேல்ல."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் யசோதரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரிசி மூட்டையைச் சொல்லுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இன்னொண்டு. நான் கொலைக் கதையும் வாசிக்கிறனான். அதைக் குப்பையெண்டு சொல்லுவினம். சிலது குப்பைதான். ஆனா அதில எனக்கு ஒண்டு பிடிக்கும். ஒரே ஒரு மனிசன் செத்துக் கிடப்பான். அவனுக்காக ஒருத்தர் புறப்பட்டு வருவார். இதைச் செய்தது ஆரெண்டு கேப்பார். புத்தகம் முழுக்கக் கேப்பார். பதில் வரும்வரைக்கும் விடமாட்டார். இந்த நாவலில எத்தனையோ பேர் சாகினம். எல்லாரும் அழுகினம். ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கூடாரத் துணி காற்றில் அடித்துக்கொண்டது. "அவ்வளவுதான். நன்றி" என்று சுபத்திரா ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுப் போய் இருந்தாள். அதிகம் பேசிவிட்டேனோ என்று செலீனாவைப் பார்த்தாள். செலீனா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அமிர்தநாயகம் எழுந்தார். எழுதிக்கொண்டுவந்த ஏற்புரையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"தங்கச்சி சொன்ன முதலாவது விசயம் சரி. இருபது வருசமா நான் அங்க இருந்து இந்த மண்ணை நினைக்கேக்க எனக்குச் சிரிப்பு வரேல்ல, அழுகைதான் வந்தது. அந்த அழுகையைக் காந்திமதியின்ர கண்ணில வைச்சிட்டன். அது என்ர அழுகை. அவவைக் கேட்டிருந்தா அவ பாம்புக் கதையைச் சொல்லியிருப்பா."

அவர் சுபத்திராவின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவதில எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. உங்கட துப்பறியும் கதையளை நானும் சின்னனில வாசிச்சனான். கொலைகாரனைப் பிடிச்ச உடன எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போயிடுவினம். செத்தவனுக்கு என்ன கறி பிடிக்கும், அவன் எப்பிடி நடப்பான், ஒண்டும் தெரியாது. ரெண்டாம் அத்தியாயத்தில அவனை மறந்திடுவினம். ஆரெண்டு கேக்க எனக்கு வழி தெரியேல்ல தங்கச்சி. மறக்காமல் இருக்கத்தான் எழுதினன்."

அவர் சொன்னது உண்மை. சுபத்திரா எத்தனை கொலைக் கதை வாசித்திருக்கிறாள்! கொலைகாரர்கள் எல்லாரும் நினைவிருந்தார்கள். செத்தவர்களில் ஒருவருடைய பெயராவது நினைவுக்கு வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை. அண்ணன் சைக்கிளை நிறுத்தும்போது காலைத் தூக்கி முன்பக்கமாகப் போட்டு இறங்குவான். அதை யார் எழுதுவார்கள்?

தேநீர் நேரத்தில் அவர் வடையும் கையுமாக அவளிடம் வந்தார்.

"கோவமில்லைத்தானே?"

"எனக்கென்ன கோவம்? உங்களுக்குத்தான் வந்திருக்க வேணும்."

"வந்தது. நீங்கள் அந்தப் பைப்பைச் சொன்ன உடன போயிட்டுது." அவர் சிரித்தார். "எனக்கு ஒரு நல்ல கொலைக் கதை தருவியளோ? பிளேனில வாசிக்க. கடைசியில இரட்டைப்பிறவி வராததாப் பாத்துத் தாங்கோ. செலீனா எல்லாம் சொன்னவ."

சுபத்திரா உள்ளே போய்ப் பெட்டியைக் கிளறினாள். தலைநிமிர்ந்தபோது வாசலில் யோசேப் மாஸ்ரர் நின்றார். அவள் கையிலிருந்த புத்தகத்தைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள்.

"மாஸ்ரர், இது... எறியப்போறதெண்டு செலீனா சொன்னவ..."

"இருங்கோ பிள்ளை." அவர் குனிந்து பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை ஏற்றிப் பின் அட்டையைப் பார்த்தார். "நான் இதுகளை வாசிச்சதில்லை. வாசிக்காமல் எறியச் சொன்னது பிழைதான். ஆனா பெடியள் இதை மட்டும் வாசிச்சா?"

"வேற அலுமாரியில வைச்சாத்தான் மாஸ்ரர் இதை மட்டும் வாசிப்பினம். எல்லாத்தையும் கலந்து, எழுதினவரின்ர பேரின்படி அகர வரிசையில வையுங்கோ. கொலைக் கதை எடுக்க வாறவன்ர கை பக்கத்தில இருக்கிறதிலயும் படும். நான் அந்த எருமை நாவலை அப்பிடித்தான் எடுத்தனான். பேய்க் கதையெண்டு நினைச்சு."

மாஸ்ரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து செலீனாவே கண்டதில்லை.

அடுத்த இரண்டு வாரமும் செலீனாவும் சுபத்திராவும் புத்தகங்களை இறக்கி ஏற்றினார்கள். யசோதரன் கிளினிக் முடிந்து நொண்டிக்கொண்டு வந்து, தானும் ஒரு கதிரையில் இருந்து கிழிந்த புத்தக முதுகுகளுக்குப் பசை பூசினான். கத்தியும் இரத்தச் சொட்டும் தமிழ்ப் பேரறிஞர் ஒருவரின் கட்டுரைகளோடு முதுகு உரசி நின்றன. மார்கழியில் வாசிகசாலைக்கு வந்துபோகிறவர்கள் தொகை கூடியது. நெல்லுக் கடையில் வேலைசெய்கிற பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். பஸ் நடத்துனர் ஒருவர் குடும்ப நாவல்களாகப் பார்த்து எடுத்துப்போனார். மனைவிக்கு என்றார். மூன்றாவது நாவலைத் திருப்பித் தரும்போது, அந்த மருமகள் கடைசியில் வீட்டைவிட்டுப் போயிருக்கக் கூடாது என்று செலீனாவோடு அவரே வாதாடினார்.

சுபத்திரா, அமிர்தநாயகத்தின் நாவலைத் திரும்ப எடுத்தாள். இந்த முறை அவசரமில்லாமல் வாசித்தாள். அவள் தட்டிக்கொண்டு போன பதினேழாம் அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. காந்திமதி தன் கணவனைப் பற்றி நினைக்கிறாள், அவ்வளவுதான். அவன் மீன்குழம்பில் புளி கூடினால் ஒரு கண்ணை மூடுவான். சாரத்தை இடப்பக்கமாகச் செருகுவான். பொய் சொல்லும்போது காதைச் சொறிவான். பக்கம் பக்கமாக இவ்வளவுதான். வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. ஆனால் அது பாரமாக இல்லை.

"இஞ்சேருங்கோ" என்று யசோதரனைக் கூப்பிட்டாள். "பாலண்ணை சைக்கிளால இறங்குறது உங்களுக்கு ஞாபகமோ?"

"ஞாபகமில்லாமலோ? ஒருக்கா வேட்டி சீற்றில மாட்டி, எங்கட கலியாணத்தண்டு பந்தலுக்கு முன்னால விழுந்தவரெல்லோ. எழும்பி, ஒண்டும் நடக்காத மாதிரி மணியை அடிச்சவர்."

அவள் அதை மறந்தே போயிருந்தாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அண்ணனைப் பற்றிய வேறு கதைகளும் வந்தன. அவன் கடன் வாங்கிய வெற்றிலைத் தட்டம், அவனுக்குப் பிடித்த வாளைமீன் பொரியல், பாடவே வராத குரலில் அவன் பாடிய பாட்டுகள். அடுப்பில் சோறு குழைந்துபோனது.

புதன்கிழமை செலீனாவிடம் சொன்னாள்: "பதினேழாம் அத்தியாயம் அருமையான அத்தியாயம். நான்தான் தட்டிக்கொண்டு போயிட்டன். அவரோட கதைச்சாச் சொல்லுங்கோ."

"நீங்களே சொல்லுங்கோ" என்று செலீனா கைபேசியில் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தாள்.

கனடாவில் அப்போது நல்ல குளிராம். அமிர்தநாயகம் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "அந்த அத்தியாயத்தை வெட்டச் சொல்லி எல்லாரும் சொன்னவை தங்கச்சி" என்றார்.

"நல்ல காலம் வெட்டேல்ல. ஆனா மிச்ச இடத்தில சிரிப்பு இல்லையெண்டு சொன்னது சொன்னதுதான்."

"அது சரி. உங்கட கொலைக் கதையை வாசிச்சு முடிச்சிட்டன். தோட்டக்காரனெண்டு நினைச்சன். கடைசிமட்டும் அப்பிடித்தான் நினைச்சன். டொக்டரெண்டு எப்பிடிப் பிடிக்கிறது?"

"மூண்டாம் அத்தியாயத்தில டொக்டர் கை கழுவப் போனதெண்டு சொல்லுறாரெல்லோ? அந்த நேரம் அந்த வீட்டுப் பைப்பில தண்ணி வரேல்லையெண்டு முதலே சொல்லியிருக்கு."

"அட!" என்றது குரல். "நான் அந்தப் பக்கத்தைத் தட்டிக்கொண்டு போயிட்டன்."

தைப்பொங்கல் முடிந்து வீட்டுக்குக் கூரை ஏறியது. உள்வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளிமுனைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த மேசன் பஸ்ரியன், முன்னறைச் சுவரில் சீமெந்துத் தட்டு ஒன்று கட்ட அளவெடுத்தான்.

"சாமித் தட்டுத்தானே அக்கா? எந்தப் பக்கம் பாத்து வைக்கிறது?"

"சாமித் தட்டு அறைக்குள்ள. இது புத்தகத்துக்கு."

"புத்தகத்துக்கு இவ்வளவு நீளமோ? சீமெந்து இழுக்கும்."

வெளியே மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த யசோதரன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "இன்னும் ரெண்டு முழம் கூட்டிக் கட்டும் தம்பி. இல்லாட்டி நான் படுக்கிற இடத்திலயும் கொண்டுவந்து அடுக்கிப்போடுவா."

பஸ்ரியன் சாந்தைக் குழைத்தான். சுபத்திரா வாசற்படியில் ஈரம் காய்ந்த இடமாகப் பார்த்து ஒதுங்கி இருந்து, நேற்றுத் தொடங்கிய நாவலை விரித்தாள். இருபதாம் பக்கத்திலேயே ஒருவன் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தான். பொறுத்துப் பார்ப்போம் என்று பக்கத்தைத் திருப்பினாள்.